கால்மாட்டில் ஒரு கட்டம்

அத்தியாயம் 14

காலைப் பூசை முடிந்து வந்த புஷ்பமேரி செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, நான்காக மடித்த ஒரு தாளை மகளிடம் நீட்டினாள்.

"பைபிள் சங்கீதத்துலேர்ந்து நாலு வரி. சிஸ்டர்கிட்ட சொல்லி எழுதி வாங்கியாந்தேன். அண்ணன் பேருக்குக் கீழ இது வரணும்."

ஜோவிதா தாளைப் பிரித்தாள். நான்கும் நீளமான வரிகள்.

"இது மொத்தமும் போட்டா கல்லுல கீழ எடமே இருக்காதும்மா."

"அதுக்குத்தான்டி போடச் சொல்றேன். ஒரு விரக்கட மிஞ்சக் கூடாது."

ஜோவிதா தாளை மறுபடி மடித்தாள். அம்மா எதை மனதில் வைத்துப் பேசுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று நவம்பர் ஒன்று. மறுநாள் கல்லறைத் திருநாள். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக நின்று தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி மந்திரிப்பார். அதற்குள் அண்ணன் லூர்துபிரகாஷின் பெயர் கல்லில் ஏறியிருக்க வேண்டும்.

மார்ச் மாதம் திண்டிவனம் சாலையில் லாரி மோதிச் செத்தவன் அவன். வயது முப்பத்து மூன்று. அப்பா அல்போன்ஸைப் புதைத்த அதே குழியில்தான் அவனையும் வைத்தார்கள். குழியைத் திறப்பதற்காக மேலே கிடத்தியிருந்த கறுப்புக் கிரானைட் பலகையைப் பெயர்த்தார்கள். ஏழு மாதமாக அது தட்டாஞ்சாவடியில் கலியமூர்த்தியின் பட்டறையில் கிடக்கிறது. கல்லின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்து வெட்டிய இடத்தில் மட்டும் மணலடித்துப் பொறிப்பது அவருடைய தொழில். இன்று நாலு மணிக்குள் பெயரை வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டிப் பொறித்து முடிக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கல்லைக் கல்லறைக்கு ஏற்றிப்போக டெம்போ வரும்.

புதைத்த அன்று நடந்ததை முத்தியால்பேட்டையில் இன்னும் பேசுகிறார்கள். பிரகாஷின் மனைவி துர்கா குழியின் கால்மாட்டில் போய் நின்றாள். வெட்டுகிறவர்கள் நகரச் சொன்னார்கள். நகரவில்லை. புஷ்பமேரி தோளைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் நகரவில்லை. குழி ஒரு அடி குறைச்சலாகவே வெட்டப்பட்டது. பெட்டி இறங்கும்போது கால்பக்கம் இடித்தது. இந்துப் பெண்ணுக்கு நம் முறை தெரியவில்லை என்று சிலர் சொன்னார்கள். திமிர் என்று புஷ்பமேரி சொன்னாள். கல்யாணம் தெரியவந்த நாளிலிருந்து நான்கு வருடமாக மருமகளோடு நேராகப் பேசாதவள், அதற்குப் பிறகு அவள் பெயரைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

போன திங்கட்கிழமை அந்தத் துர்கா கடைக்கு வந்து ஜோவிதாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கல்லுல அடியில கொஞ்சம் எடம் வுட்டுடு ஜோவி." எதற்கு என்று சொல்லவில்லை. அதைப் புஷ்பமேரி உள்ளே இருந்து கேட்டுவிட்டாள். அதன் விளைவுதான் இந்த நாலு வரி.

"அவ பேரு இந்தக் கல்லுல ஏறாது," என்றாள் புஷ்பமேரி. "நான் கண்ண மூடுன பொறவு நீ எரக்கப்பட்டு எழுதிட்டா? அதான் இப்பவே ரொப்பிடச் சொல்றேன்."

"சரி, போ. காபி ஆறுது."

"சரின்னா என்ன சரி?"

"சரின்னா சரிதான். என்ன வேல செய்ய வுடு."

புஷ்பமேரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஜோவிதா கடையின் ஷட்டரை முழுக்கத் தூக்கினாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. வண்டி நம்பர், கடை போர்டு, வேன் கண்ணாடியில் சாமி பேர் என எல்லாம் ஸ்டிக்கரில் வெட்டித் தருகிற கடை. ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றியதில் ஒரு வருடமாக நல்ல வேலை. பழைய போர்டுகளில் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயரை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் போனதில் இருந்து ஜோவிதா தனியாக ஒட்டுகிறாள்.

பெயரை வெட்டுவது பெரிய காரியம் இல்லை. அதன் இடத்தில் வெட்டுவதுதான் கஷ்டம். கட்டிங் மெஷினுக்கு வெற்றிடம் தெரியாது. திரையில் ஐந்தடிக் கல்லை வரைந்து, மூன்றாவது அடியில் பெயரை வைத்து அனுப்பினாலும், மேலே விட்டிருக்கிற இடத்தை மெஷின் மதிக்காது. முதல் எழுத்தின் முதல் கோட்டையே ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு ஸ்டிக்கரின் ஓரத்திலேயே வெட்டத் தொடங்கிவிடும். அதனால் கல்லின் அளவுக்குச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கட்டம் இருந்தால் வெற்றிடமும் கூடவே வரும். ஒட்டும்போது கட்டத்தின் மூலைகளைக் கல்லின் மூலைகளோடு பொருத்தினால் போதும், எழுத்து தன் இடத்தில் போய் உட்காரும்.

இது கடையில் முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம். ஆனால் அதையே மறந்தவன் என்று குடும்பத்தில் பிரகாஷுக்குப் பெயர். ஐந்து வருடத்துக்கு முன்னால் அப்பாவின் பெயரை இதே கல்லில் அவன்தான் வெட்டி ஒட்டினான். பெயர் கல்லின் நடுவில் வராமல் தலைமாட்டை ஒட்டி ஏறிப்போய்விட்டது. "கட்டம் போட மறந்துட்டேம்மா, நவுந்துடுச்சி," என்றான். பொறித்த கல்லை என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி ஏற்றும்போது புஷ்பமேரி பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் சொல்லுவாள், பெத்த அப்பன் பேரக் கோணலா வெச்ச புள்ள என்று. பிரகாஷ் சிரித்துக்கொண்டு நிற்பான்.

ஜோவிதா போன வாரமே பட்டறைக்குப் போய்க் கல்லின் மேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்து அப்பாவின் எழுத்துகளைப் படியெடுத்து வந்திருந்தாள். அளந்து பார்த்தால் இடதுபக்கத்துக்கும் வலதுபக்கத்துக்கும் நாலு மில்லிமீட்டர் இடித்தது. தேய்க்கும்போது தாள் நழுவியிருக்க வேண்டும். நாலு மில்லிமீட்டர் சாய்ந்தால் கறுப்புக் கல்லில் கண்ணைக் குத்தும். பழைய ஃபைலே கிடைத்தால் நல்லது என்று மேஜை இழுப்பறையில் இருந்த சிடிகளைக் கொட்டித் தேடினாள். ஆறாவது சிடியின் மேல் மார்க்கர் பேனாவில் 'அப்பா 2002' என்று அண்ணன் கையெழுத்து.

ஃபைல் கோரல் என்கிற டிசைன் மென்பொருளில் திறந்தது. சிலுவை, அப்பா பெயர், இரண்டு தேதிகள். அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு முன் எப்போதும் செய்வதைப் போலப் பார்வையை வயர்ஃப்ரேமுக்கு மாற்றினாள். நிறமெல்லாம் போய் வெறும் கோடுகள் மட்டும் தெரியும் பார்வை அது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடு கிடந்தால் அதில்தான் தெரியும்.

திரையில் இல்லாதவை எல்லாம் எழுந்து வந்தன.

சுற்றிலும் கட்டம் இருந்தது. இருபத்திரண்டுக்கு ஐம்பத்தெட்டு அங்குலம். கல்லின் ஓரத்தில் இருந்து நாலு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி. அப்பாவின் பெயர் மேல்கோட்டில் இருந்து ஒன்பது அங்குலத்தில் நின்றது. ஒன்பது, புள்ளிக்குப் பிறகு மூன்று சைபர். தானாக நகர்ந்து போன பெயர் இப்படிச் சுத்தமான எண்ணில் போய் நிற்காது.

அவன் கட்டம் போட மறக்கவில்லை.

அப்பாவுக்குக் கீழே நிறமில்லாத ஒரு செவ்வகம், பதினாறுக்கு நாலு. அம்மாவின் பெயருக்கானது. அது சரி. அதற்குக் கீழே நீளமாகக் காலியிடம். எல்லாவற்றுக்கும் கீழே, அடிக்கோட்டில் இருந்து இரண்டு அங்குலம் மேலே, சரியாக நடுவில் இன்னொரு சின்னக் கட்டம். ஆறுக்கு இரண்டு. அதற்குள் ஒன்றும் இல்லை.

ஜோவிதா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுக்கு இரண்டில் ஒரு ஆளின் பெயரும் இரண்டு தேதியும் அடங்காது. தன் பெண்டாட்டிக்கு இடம் பிடிக்கிறவன் இவ்வளவு சின்னதாகப் பிடிக்க மாட்டான்.

அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

பத்தரை மணிக்குத் துர்கா வந்தாள். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். முதலியார்பேட்டையில் இருந்து சைக்கிளில் வந்திருந்தாள். வேர்த்துப் போயிருந்தது.

"லீவு குடுத்தாங்களா அண்ணி?"

"வயித்தவலின்னு சொன்னேன். அத்த?"

"செபமாலைக்குப் போயிருக்கு. பன்னெண்டு ஆவும்."

துர்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினைப் பார்த்தாள். ஏழு வருடத்துக்கு முன் இந்தக் கடைக்கு ஸ்டிக்கர் உரிக்கிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். வெட்டி முடித்த தாளில் இருந்து வேண்டாததை மட்டும் குண்டூசியால் கிளப்பி எடுக்கிற வேலை. கை அவ்வளவு சுத்தம். மணலடிக்கிற ஸ்டிக்கருக்கு அந்தக் கை வேண்டும். எழுத்தை உரித்து எடுத்துவிட்டு, எழுத்துக்குள் இருக்கிற சுழியை மட்டும் நகராமல் விட்டுவைக்க வேண்டும். ஒரு சுழி போனால் எழுத்து பொத்தலாகிவிடும். ஐந்தடித் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டவும் இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் அம்மாவுக்குச் சொல்லாமல் ஜோவிதா இவளைக் கூப்பிட்டாள்.

"ரோல நேரா ஏத்துனியா? போனவாட்டி ஆட்டோ ஸ்டாண்டு போர்டு ஒரு பக்கமா இழுத்துக்கினு போச்சே," என்றாள் துர்கா.

"ஒரே ஒரு போர்டு. அத எத்தினி வருஷம் சொல்லுவ?"

"அது அங்க தொங்கற வரைக்கும்."

ஐந்தடி நீளத்துக்கும் தாளை ஒருமுறை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். ஓரம் விலகவில்லை. ஒரு மூலையில் விரல்நக அளவுக்குச் சதுரம் வெட்டிப் பிளேடு அழுத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு ஜோவிதா கட்டத்தையும் பெயரையும் சேர்த்து அனுப்பினாள். மெஷின் கட்டத்தின் மூலையில் ஆரம்பித்தது. தாள் முன்னும் பின்னும் ஓடி, காலியிடத்தை எல்லாம் தாண்டி, மூன்றடிக்கு அப்பால் அண்ணனின் பெயரை வெட்டியது.

துர்கா தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். புருஷன் பெயரை எழுத்து எழுத்தாகப் பிய்த்து எடுத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அண்ணி, அப்பா ஃபைல்ல அடியில ஒரு கட்டம் இருக்குது."

குண்டூசி நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

"உனக்காப் போட்டது?"

"எனக்கு எதுக்குக் கட்டம்? நான் செத்தா எங்க ஊர்ல தூக்கிக்கினு போய் எரிச்சிடுவாங்க. சாம்பலுக்கு ஏது கல்லு."

"பின்ன?"

"சுழி நவுருது, பேசாத இரு."

ஜோவிதா கேட்பதை நிறுத்தினாள். நாலு வரி வசனத்தைத் தனித் துண்டாக வெட்டினாள். அதையும் துர்காதான் உரித்தாள். மாஸ்கிங் டேப் போட்டு இரண்டையும் தனித்தனியாகச் சுருட்டினார்கள். வசனத்தை ஒட்டுவதா வேண்டாமா என்பதை ஜோவிதா முடிவு செய்யவில்லை. பட்டறைக்குப் போகிற வரைக்கும் தள்ளிப்போட்டாள். கல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்லைப் பார்த்து என்ன தெரியும்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் கல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுத்திருந்தது. கலியமூர்த்தி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். தலையில் துண்டு, புருவத்தில் கல்தூசி.

"நாலு மணிக்குக் கரண்டு புடுங்கிடுவான் பாப்பா. இப்பவே ரெண்டரை. நல்லா பாத்து ஒட்டு. இது ரப்பர் வெச்சி அழிக்கற நோட்டு இல்ல."

"போன வருஷம் நீங்க ஒரு கல்லுல தேதிய மாத்தி அடிச்சீங்களே அண்ணே."

"அது அவங்க தப்பாக் குடுத்தது. நான் குடுத்தத அடிக்கறவன். அடிச்சிட்டா அந்தக் கடவுளே வந்தாலும் ஒண்ணியும் பண்ண முடியாது."

ஜோவிதா ஸ்கேலை வைத்துக் கல்லின் நாலு ஓரத்திலும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளிப் பென்சிலில் குறித்தாள். ஸ்டிக்கரின் மேல்பக்கத்தை மூலைக்கு மூலை பொருத்தி டேப்பால் கட்டினாள். துர்கா அடியில் இருந்து பின்தாளை இழுக்க இழுக்க, ஜோவிதா மேலிருந்து அட்டையால் வழித்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. கடைசியில் கீழ் மூலைகள் இரண்டும் பென்சில் குறியின் மேல் வந்து உட்கார்ந்தன.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. புஷ்பமேரி இறங்கினாள். ஐந்து மணிக்கு நேராகக் கல்லறைக்கு வருவதாகச் சொன்னவள்.

துர்காவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"இவள எதுக்குடி கூட்டியாந்த?"

"ஒட்ட ஆள் வேணும்மா."

"ஊர்ல வேற ஆளே இல்லையா?" புஷ்பமேரி கல்லைச் சுற்றி வந்தாள். மகனின் பெயர் இருந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றாள். உதடு அசைந்தது. பிறகு கீழே பார்த்தாள். பெயருக்குக் கீழே வெறும் ஸ்டிக்கர்.

"வசனம் எங்க?"

சுருள் பையில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புஷ்பமேரி அதை உருவினாள். சேலையை மடித்துக்கொண்டு கல்லின் அடிப்பக்கம் மண்டியிட்டாள். பின்தாளைக் கிழித்தாள்.

"நீ ஒட்டலன்னா நான் ஒட்டறேன். கோணலாப் போனாலும் பரவால்ல. இந்தக் குடும்பத்துக்குக் கோணல் புதுசா?"

"அங்க ஏற்கனவே வெத்து ஸ்டிக்கர் இருக்குதும்மா, அதுமேல ஒட்டுனா..." கலியமூர்த்தி சொல்ல வந்ததை முடிக்கவில்லை.

துர்கா குனிந்து, கல்லின் அடிப்பக்கம் சரியாக நடுவில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

புஷ்பமேரி நிமிர்ந்தாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"கைய எடு."

"மாட்டேன் அத்த."

"உன் பேரப் போடறதுக்கா? எங்க வூட்டுக் கல்லுலயா?"

"என் பேரு வேணாம்."

"பின்ன யாரு பேருக்குக் காவல் காக்கற?"

துர்கா கையை எடுக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கீழ ஒரு கொழந்த இருக்குது அத்த."

மணலடிக்கிற கம்ப்ரஸரைப் போடப் போன கலியமூர்த்தி அப்படியே திரும்பினார்.

"மாமா செத்த அதே வாரம். ஆறு மாசம்தான். உயிரில்லாமப் பொறந்துச்சி. அதுக்கு முன்னாடியே நாங்க ரிஜிஸ்தர் பண்ணிக்கினோம், உங்களுக்கு யாருக்கும் தெரியாது. மூணு மாசம் கடைக்கு நான் வரல, டைபாயிடுன்னு சொன்னாரு இல்ல, அப்பதான். ஆஸ்பத்திரில துணியில சுத்திக் குடுத்துட்டாங்க. எங்க எடுத்துக்கினு போறது? எங்க வூட்ல என்ன சேக்கல. உங்க வூட்ல நாங்க கட்டிக்கினதே தெரியாது. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்குக் கல்லறையில எடம் கேக்க அவருக்கு தைரியம் வரல. மாமாவப் பொதச்ச மறுநா விடியக்காலைல போனாரு. மண்ணு ஈரமாவே இருந்துச்சாம். ஸ்டிக்கர் ரோலு வர்ற அட்டப்பொட்டி இருக்குதே, அதுல வெச்சி எடுத்துக்கினு போனாரு. நான் ரூம்ல படுத்திருந்தேன். வந்து, தாத்தா கால்மாட்டுல வெச்சிட்டேன்னாரு. அவ்ளோதான்."

சொல்லி முடித்தபோதும் அவள் குரல் ஒரே மாதிரிதான் இருந்தது. ஐந்து வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்.

ஜோவிதா கைப்பையில் இருந்து பிரிண்டை எடுத்துக் கல்லின் மேல் விரித்தாள். சின்னக் கட்டம் துர்காவின் கைக்கு நேராக இருந்தது.

"அண்ணன் ஃபைல்ல இருந்துச்சிம்மா. அப்பா பேரு நவுந்து போவல. மேலருந்து ஒம்போது இஞ்ச். அவன் வெச்ச எடத்துலதான் இருக்குது. நடுவுல வெச்சிருந்தா எல்லாருக்கும் எடம் பத்தாது."

புஷ்பமேரி தாளைப் பார்த்தாள். அவளுக்குக் கோடுகள் மட்டும்தான் தெரிந்தன. ஆனால் எது எது என்று புரிந்தது. பெரிய கட்டம் கல். மேலே புருஷன். அடுத்தது அவள். கடைசியில் இருக்கிற இந்தச் சின்னது.

"மறந்துட்டேன்னு சொன்னானே," என்றாள்.

அவள் விரல் தாளில் மேலே இருந்த பெயரைத் தொட்டது.

"என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னான், மறந்துட்டேம்மான்னு. நான் அத வருஷா வருஷம் எல்லார்கிட்டயும் சொன்னேன். அவன் பக்கத்துல நிக்கும்போதே சொன்னேன்."

அவள் கையில் வசனத் தாள் ஒட்டும் பக்கம் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் குழி வெட்டும்போது நகராம நின்னியே. அதுக்குத்தானா?"

"கடப்பாறை போட்டுடுவாங்களோன்னு பயம் அத்த."

"உன் தோள்ல என் நகம் பட்டு ரத்தம் வந்துச்சி. பாத்தேன். பாத்துட்டுத்தான் இழுத்தேன்."

துர்காவின் கை தோளுக்குப் போய் வந்தது.

"பொண்ணா, ஆணா?"

"பொண்ணு."

புஷ்பமேரி வசனத் தாளை இரண்டாக மடித்தாள். பசைப் பக்கம் பசைப் பக்கத்தோடு சேர்ந்தது. அப்படி ஒட்டிக்கொண்டால் எந்தக் கையாலும் பிரிக்க முடியாது. அதை இன்னொரு மடி மடித்து மகளிடம் கொடுத்தாள். மண்டியிட்டவள் எழுந்திருக்கக் கல்லைப் பிடித்தாள். ஜோவிதா கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கலியமூர்த்தி தயங்கினார். "கரண்டு போய்டும்மா. வசனம் உண்டா, இல்லையா?"

"இல்ல. பேர மட்டும் அடி."

அவர் துண்டை மூக்கின் மேல் இழுத்துக் கட்டினார். எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். கம்ப்ரஸர் இரைந்தது. மணல் கல்லில் பாய்கிற சத்தம் வீதிவரை கேட்டது. மூன்று பெண்களும் எதிரே இருந்த சுவரோரம் நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

மூன்றே முக்காலுக்குச் சத்தம் நின்றது. துர்கா உள்ளே போய் ஸ்டிக்கரை ஒரு மூலையில் இருந்து உரித்துக்கொண்டே வந்தாள். சுழிகளைக் குண்டூசியால் ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். லூர்துபிரகாஷ் என்கிற பெயர் அப்பாவின் பெயருக்கு நேர்கீழே, ஒரு மயிரிழை சாயாமல், சாம்பல் நிறத்தில் நின்றது. இரண்டு பெயருக்கும் நடுவில் புஷ்பமேரிக்கான இடம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புக் கல் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

புஷ்பமேரி அந்த வெறுமையை மட்டும் பார்த்தாள். பிறகு கல்லின் மேல் கிடந்த பிரிண்டைத் தூசி தட்டி மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தாள்.

"வூட்டுக்கா ஆயம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்ல. சாமியார் வூட்டுக்கு வுடு."

ஜோவிதா ஆட்டோவுக்கு ஓடினாள். அனுமதி இல்லாமல் புதைத்த குழந்தை. கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது? கல்லை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டால்?

"அங்க எதுக்கும்மா? அவருகிட்டப் போய் என்ன சொல்லப் போற?"

புஷ்பமேரி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி புறப்பட்டு இரண்டடி போனது. அவள் ஓட்டுநரின் தோளைத் தட்டி நிறுத்தினாள். தலையை வெளியே நீட்டி, பட்டறை வாசலில் குண்டூசியோடு நின்ற துர்காவைப் பார்த்தாள்.

"நாளைக்கு மந்திரிக்க வருவாங்க. நீ கால்மாட்டுல நில்லு. எவன் நகரச் சொன்னாலும் நகராத."